மே மாதத்தில் ததும்பும் ஏரி: நகர ஏரியைப் புரிந்துகொள்ள ஒரு தொடக்கம்

ஊருக்குள் இருக்கும் ஏரியைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இரண்டு புலம்பல்கள்தான் வரும். மழைக்காலத்தில், "தண்ணி வீட்டுக்குள்ள வந்துடுச்சு." மற்ற நாட்களில், "நாத்தம் தாங்கல." இரண்டும் தனித்தனிப் பிரச்சினைகள், தனித்தனி அலுவலகங்களில் மனு கொடுக்க வேண்டியவை என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி, ஏரியை மே மாதத்தில் போய்ப் பார்ப்பது.

வாரக்கணக்கில் மழை இல்லை. வெயில் கொளுத்துகிறது. கிணறுகளில் தண்ணீர் கீழே போய்விட்டது. அப்படிப்பட்ட நாளில் உங்கள் பகுதி ஏரி மட்டும் ததும்பி நிற்கிறது என்றால், சந்தோஷப்படுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

பதில் தெரிய வேண்டுமானால் ஏரி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அடியிலிருந்தே பார்த்துவிடலாம்.

ஒரு பக்கம் மட்டுமே கரை

தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய், குளம், தாங்கல் என்று பல பெயர்களில் சொல்கிறோம். ஏறக்குறைய 39,000 இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை மனிதர்கள் கட்டியவை. கட்டிய விதமும் எளிமையானது. நிலம் மேற்கிலிருந்து கிழக்காக, கடலை நோக்கி மெல்லச் சரிகிறது. அந்தச் சரிவின் தாழ்ந்த பக்கத்தில் பிறை வடிவில் மண்ணைக் கொட்டி மேடாக்கினால், மேலிருந்து வரும் மழைநீர் அதன் முன்னால் தேங்கும். அந்த மேடுதான் கரை. எதிர்ப்பக்கத்தில் கரை கிடையாது, தேவையும் இல்லை. நிலமே உயரமாக இருப்பதால் தண்ணீர் அங்கே மெல்லப் பரவி, ஆழம் குறைந்து, ஓரிடத்தில் நின்றுவிடும்.

நகர ஏரிகளின் பாதிக் கதை இந்த இடத்தில் இருக்கிறது என்பேன். கரைப்பக்கம் ஏரி ஆழம். எதிர்ப்பக்கம் கணுக்கால் அளவு. நல்ல மழை பெய்த ஆண்டில் அந்த ஆழமற்ற பகுதியில் சில வாரங்கள் தண்ணீர் நிற்கும். மற்ற மாதங்களில் அது புல் முளைத்த வெற்று நிலம். மாடு மேயும், பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள். ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு அது ஏரி என்று தோன்றவே தோன்றாது. இரண்டு மூன்று ஆண்டு மழை பொய்த்தால் பழைய ஆட்களுக்கே மறந்துவிடும். ஆக்கிரமிப்பு எப்போதும் இந்தப் பக்கத்தில்தான் தொடங்குகிறது. கரைப்பக்கத்தில் யாரும் வீடு கட்டப் போவதில்லை, அங்கே பத்தடி தண்ணீர் நிற்கிறது.

தொடங்கும் விதமும் ஊருக்கு ஊர் ஒன்றுபோலவே இருக்கும். முதலில் ராத்திரியில் லாரியில் கட்டட இடிபாடுகள் வந்து விழும். தரை இரண்டடி உயரும். பிறகு வண்டி நிறுத்த ஒரு தகரக் கொட்டகை. அப்புறம் மண் சாலை, மின் இணைப்பு, குடிநீர்க் குழாய். பத்து வருடம் கழித்து "இங்கே எப்போதோ ஏரி இருந்ததாம்" என்ற நிலை. குடிசைக்காரர்களைத்தான் எல்லாரும் முதலில் கைகாட்டுவார்கள். சென்னையின் வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. தியாகராய நகர், 1920-களில் மாம்பலம் ஏரியை வடித்துத் திட்டமிட்டு உருவாக்கிய குடியிருப்பு. வள்ளுவர் கோட்டம் நிற்பது பழைய நுங்கம்பாக்கம் ஏரியின் நிலத்தில். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடும், நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடும் இன்றைக்கும் இருக்கின்றன. பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை.

உள்ளே வர ஒரு வழி, வெளியே போக இரண்டு

கரைக்கு அடுத்து மூன்று உறுப்புகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

வரத்துக் கால்வாய் தண்ணீரைக் கொண்டுவருவது. சில ஏரிகளுக்கு ஆற்றின் அணைக்கட்டிலிருந்து கால்வாய் வரும். கோவையின் குளங்கள் அந்த வகை. நொய்யலின் குறுக்கே தடுப்பணைகள் கட்டி, வாய்க்கால் வழியாக உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் குளம் எனப் பல குளங்களுக்குத் தண்ணீரைப் பிரித்து அனுப்பினார்கள். சென்னையைச் சுற்றியுள்ள சின்ன ஏரிகள் பெரும்பாலும் வேறு வகை. சுற்றுவட்டாரத்தில் விழும் மழையும், மேலே உள்ள ஏரியின் உபரியும்தான் அவற்றுக்கு வரத்து.

மதகு தண்ணீரை எடுத்துப் பயன்படுத்தும் வழி. கரையின் அடியில் ஒரு துளை, அதைத் திறக்கவும் மூடவும் ஒரு கதவு. இங்கிருந்து வாய்க்கால் வழியாக வயல்களுக்குத் தண்ணீர் போகும். அந்த வயல்களுக்கு ஆயக்கட்டு என்று பெயர். எந்த மடை எப்போது திறக்க வேண்டும், யாருக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்துக்கொள்ள நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி என்று ஊருக்கு ஊர் ஆள் இருந்தார்கள். இதெல்லாம் ஏதோ வாய்மொழி ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஏரி வாரியத்துக்குக் குடவோலை முறையில் ஆறு பேரைத் தேர்ந்தெடுக்கும் விதியையும், யார் யார் அதற்குத் தகுதியில்லாதவர்கள் என்பதையும் விலாவாரியாகச் சொல்கின்றன. கணக்குக் காட்டாமல் போனவர்களும் அந்தத் தகுதியில்லாதவர் பட்டியலில் உண்டு!

மூன்றாவது கலங்கல். கலிங்கு என்றும் சொல்வார்கள். ஏரி நிறைந்த பிறகு மிஞ்சும் தண்ணீர் தானாக வழிந்து வெளியேற, கரையின் ஒரு முனையில் கட்டிய தாழ்வான கல்சுவர் அது. பழைய கலங்கலைக் கிட்டத்தில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். சுவரின் தலையில் இடைவெளி விட்டுச் செங்குத்துக் கற்கள் வரிசையாக நட்டிருக்கும். அலங்காரம் என்று தோன்றும், ஆனால் அவற்றுக்கு வேலை உண்டு. பெருமழைக் காலத்தில் அந்த இடைவெளிகள் திறந்தே கிடக்கும். வெள்ளம் தடையில்லாமல் ஓடிவிடும். மழை ஓயும் தறுவாயில், இனி பெரிய வெள்ளம் வராது என்று தெரிந்ததும், கற்களுக்கிடையே மண்ணையும் புற்கரணையையும் அடைப்பார்கள். ஏரியில் கூடுதலாக ஓரடி, இரண்டடி தண்ணீர் நிற்கும். அத்தனை பெரிய நீர்ப்பரப்பில் ஓரடி என்பது ஒரு போகத்தைக் காப்பாற்றும் அளவு. மோட்டார் இல்லை, இரும்புக் கதவு இல்லை; மண்ணும் கல்லும், எப்போது அடைப்பது என்ற கணிப்பும் மட்டும்தான்.

கலங்கலைத் தாண்டி வழிவதை மறுகால் பாய்வது என்பார்கள். மறுகால் தண்ணீர் வீணாகப் போகவில்லை. கீழே உள்ள அடுத்த ஏரிக்குப் போகிறது. அது நிறைந்தால் அதற்கடுத்தது. சென்னையின் தெற்கே சிட்லபாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொண்டே வரும் தண்ணீர் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் போய்ச் சேர்கிறது. 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த அந்தச் சதுப்பு நிலம் பெருமழையை உள்வாங்கி, மெதுவாக ஒக்கியம் மடுவு என்ற நீர்வழியாகக் கடலோரத்துக்கு அனுப்புகிறது. ஆகவே ஒரு ஏரியை மட்டும் தனியாக எடுத்துச் சீரமைப்பது என்பது பாதி வேலைதான். மேலே உள்ள ஏரிக்கும் இதற்கும் நடுவிலுள்ள கால்வாயின் மேல் ஒரு திருமண மண்டபம் நின்றால், கீழே எவ்வளவு ஆழமாகத் தூர் வாரினாலும் மழைநீர் வந்து சேராது.

வயல் போனதும் என்ன ஆனது?

இப்போது மே மாதக் கேள்விக்கு வரலாம்.

கிராமத்து ஏரியின் ஓராண்டு இப்படி: அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். நவம்பர், டிசம்பரில் ஏரி நிறையும். தை, மாசியில் மதகு வழியாகத் தண்ணீர் வயலுக்குப் போகும். பங்குனி, சித்திரையில் மிச்சமிருப்பதை வெயில் குடிக்கும். அதன் பசியும் சாதாரணமல்ல. கோடையில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் ஆவியாகும். ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பில் அது 50 லட்சம் லிட்டர், ஒரே நாளில். ஆகவே வைகாசியில் ஏரி கிட்டத்தட்டக் காய்ந்துவிடும்.

காய்வது நல்லது. தரை வெடித்துக் காற்றோட்டம் பெறும். அழுகிய பொருள்கள் மட்கி முடியும். விவசாயிகள் வண்டல் மண்ணை அள்ளிப் போய் வயலில் போடுவார்கள், குயவர்கள் களிமண் எடுப்பார்கள். இன்றும் வட்டாட்சியர் அனுமதியோடு வண்டல் எடுக்க வழியிருக்கிறது. இப்படி ஒவ்வொரு கோடையிலும் ஏரி தன் வயிற்றைக் காலிசெய்து, அடுத்த மழைக்கு இடம் வைத்துக்கொண்டு காத்திருக்கும்.

ஊர் நகரமானதும் முதலில் மறைந்தவை வயல்கள். ஆயக்கட்டு மனைகளாகிவிட்டது. வயல் இல்லாதபோது மதகைத் திறக்க ஆளும் இல்லை, காரணமும் இல்லை. மதகு துருப்பிடித்து மூடியே கிடக்கிறது, அல்லது அதன் வாய்க்கால் தெருச் சாக்கடையாகிவிட்டது. அதே காலத்தில் மேலே இருந்த மேய்ச்சல் நிலமும் மானாவாரிக் காடும் குடியிருப்புகளாயின. அவற்றில் பலவற்றுக்குப் பாதாளச் சாக்கடை வரவில்லை. வீட்டுக் கழிவுநீரும் செப்டிக் டேங்க் வழிசலும் மழைநீர் வடிகாலில் சேர்ந்தன. வடிகால் எங்கே போகும்? பழைய வரத்துக் கால்வாய் போன இடத்துக்குத்தான்.

கூட்டிக் கழித்துப் பாருங்கள். தண்ணீரை எடுப்பவர் யாரும் இல்லை. கழிவுநீர் மட்டும் 365 நாளும் வருகிறது. எனவே ஏரி கோடையிலும் நிறைந்தே இருக்கிறது. அக்டோபரில் முதல் பெருமழை வரும்போது அதை வாங்கிக்கொள்ள உள்ளே இடமே இல்லை. இரண்டாவது நாளே மறுகால் பாய்கிறது. மறுகால் போகும் வழியில் வீடுகள். "தண்ணி வீட்டுக்குள்ள வந்துடுச்சு" என்ற புலம்பலும் "நாத்தம் தாங்கல" என்ற புலம்பலும் இந்த இடத்தில்தான் சந்தித்துக்கொள்கின்றன.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. செம்பரம்பாக்கம், புழல், சோழவரம், பூண்டி போன்றவை சென்னைக்கான குடிநீர்த் தேக்கங்கள். கோடைக்கென்றே தண்ணீரைச் சேர்த்து வைப்பவை. ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து பூண்டிக்குக் கிருஷ்ணா நீரும் வருகிறது. அங்கே மே மாதத்தில் தண்ணீர் நிற்பது ஊருக்கே நிம்மதி. 2019 கோடையில் இந்த நான்கும் ஏறக்குறைய வறண்டபோது, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது.

பேப்பரில் வரும் எண்கள்

மழைக்காலத்தில் தினமும் படிக்கும் "நீர்வரத்து 500 கனஅடி" என்ற செய்தியை இந்த இடத்திலேயே விளக்கிவிடுகிறேன், பலருக்கும் குழப்பம் தருவது அது. கொள்ளளவு என்றால் மொத்தம் எவ்வளவு பிடிக்கும் என்பது. செம்பரம்பாக்கத்துக்கு 3,645 மில்லியன் கனஅடி. வரத்தும் திறப்பும் ஒரு நொடிக்கான கணக்கு. செய்தியில் "நொடிக்கு" என்பதை விட்டுவிடுவார்கள். ஒரு கனஅடி சுமார் 28.3 லிட்டர். நொடிக்கு 500 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க வந்தால் 43 மில்லியன் கனஅடி. அந்த வேகத்தில் காலியான செம்பரம்பாக்கம் நிறைய 84 நாட்கள் ஆகும்.

இப்போது 2015 டிசம்பர் தொடக்கத்தை எண்ணிப் பாருங்கள். அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி வரை அடையாற்றில் திறந்துவிட்டார்கள். நொடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கு மேல். அதே வேகம் ஒரு நாள் நீடித்தால் ஏரியின் மொத்தக் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் வெளியே போய்விடும். 24 அடி ஏரியில் மழைக்காலத்தில் ஓரிரு அடியைக் காலியாக விட்டுவைக்கிறார்களே, "ஏன் முழுசா நிரப்பல?" என்று திட்டுகிறோமே, அந்தக் காலியிடம் இதற்காகத்தான். குடிநீர் வேண்டும் என்றால் ஏரி நிறைந்திருக்க வேண்டும், வெள்ளம் கூடாது என்றால் இடம் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே ஏரியிடம் கேட்கிறோம்.

தண்ணீருக்குள்ளே

கழிவுநீர் கலந்தால் என்ன ஆகும்? கறுத்துப் போகும், நாறும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் முதலில் நடப்பது அதற்கு நேர்மாறானது: ஏரி செழிக்கும். வீட்டுக் கழிவுநீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் தாராளமாக உண்டு, இரண்டும் உரம். தண்ணீர் பச்சைப் பட்டாணிச் சாறுபோல் ஆகும் அளவுக்குப் பாசி பெருகும். பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து தண்ணீரில் ஆக்ஸிஜனை விடும். ராத்திரியில் அதே பாசி சுவாசிக்கும். செத்த பாசியைத் தின்னும் பாக்டீரியாவும் சுவாசிக்கும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரையக்கூடிய ஆக்ஸிஜனே ஏழரை மில்லிகிராம் அளவுதான். ராத்திரி முழுக்க இத்தனை பேர் அதை இழுத்தால் விடியற்காலையில் மிச்சம் இருக்காது. ஏரியில் மீன் செத்து மிதக்கும் செய்தி எப்போதும் காலை நேரத்துச் செய்தியாக இருப்பதற்கு இதுதான் காரணம். விஷம் கலந்துவிட்டார்கள் என்று சந்தேகம் கிளம்பும். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் மூச்சுத்திணறல்தான். கோடைக்குப் பிறகு வரும் முதல் மழை வடிகாலில் மாதக்கணக்காகத் தங்கிய கசடையெல்லாம் ஒரே நாளில் அடித்துக்கொண்டு வரும்போது இன்னும் மோசம்.

ஆகாயத்தாமரை இந்த உரத்துக்குக் கிடைத்த அடுத்த விருந்தாளி. தென் அமெரிக்கச் செடி. ஊதாப் பூவோடு பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். சாதகமான சூழலில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். மேற்பரப்பை மூடிவிட்டால் வெளிச்சமும் காற்றும் உள்ளே போகாது. ஆண்டுதோறும் பொக்லைன் வைத்து அள்ளிக் கரையில் குவிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அள்ளியதைக் கரையிலேயே விட்டால் மட்கி, சத்து மறுபடியும் ஏரிக்கே போகும். கழிவுநீரை நிறுத்தாமல் செடியை மட்டும் அள்ளுவதில் ஒப்பந்ததாரருக்கு மட்டும்தான் நிரந்தர லாபம்.

நுரையையும் சொல்லிவிட வேண்டும். துணி துவைக்கும் சோப்புத்தூளில் உள்ள நுரைபொருள் தண்ணீரில் சிதையாமல் தங்கி, கலங்கலில் உயரத்திலிருந்து விழும்போது கடைந்ததுபோல் பொங்கும். பெங்களூரு பெல்லந்தூர் ஏரியில் அது சாலை வரை பறந்து வந்ததையும், ஏரியே தீப்பற்றியதையும் 2017, 2018 செய்திகளில் நாடே பார்த்தது. உங்கள் ஏரியின் கலங்கலில் முழங்கால் உயர நுரை நின்றால் ஆய்வகச் சோதனை தேவையில்லை.

கொசுவுக்கு ஏரியைப் பழிசொல்வதில் பாதி அநியாயம். அலை அடிக்கும், மீன் இருக்கும் திறந்த நீர்ப்பரப்பில் கொசுப்புழு பிழைப்பது கஷ்டம். ஆகாயத்தாமரைக்கு அடியிலும், கழிவுநீர் அசையாமல் நிற்கும் ஓரங்களிலும்தான் அது பெருகும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவோ ஏரிப்பக்கமே வருவதில்லை. நம் வீட்டுத் தொட்டியும் மொட்டைமாடி டயரும் அதற்குப் போதும்.

கரையில் யார் யார்

விடிகிற நேரத்தில் பெரிய ஏரிக்கரைக்குப் போனால் நடைப்பயிற்சிக்காரர்களுக்கு முன்பே மீன்பிடிப்பவர்கள் வேலையை முடித்திருப்பார்கள். கோவை குளங்களில் பரிசல். சென்னைப் பக்கம் தெர்மாகோல் பலகைகளைச் சேர்த்துக் கட்டி, அதன்மேல் உட்கார்ந்து, கையாலேயே துடுப்புப் போட்டுப் போகிறவர்களைப் பார்க்கலாம். முதல் நாள் மாலை விரித்த வலையைச் சுருட்டிக்கொண்டு வருவார்கள். கரையில் வலையை உதறி, கண்ணியில் மாட்டிய மீனைச் செவுளைப் பிடித்து ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். ஒரு மீனுக்கு இரண்டு நொடிகூட ஆகாது, வலை நூலும் அறுந்துபோகாது. மீன்பாசி குத்தகை, அதாவது ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை, எடுத்தவர் ஒருவர் இருப்பார். கெண்டை, கட்லா, ரோகு குஞ்சுகளை விட்டிருப்பார்.

வலையில் விழும் மீனைப் பார்த்தே தண்ணீரைச் சொல்லிவிடலாம். பத்தில் எட்டு ஜிலேபியாக இருந்தால் தண்ணீர் கெட்டுக்கொண்டிருக்கிறது. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஜிலேபி இந்தியாவுக்கு 1952-இல் வந்தது. குறைந்த ஆக்ஸிஜனிலும் தாக்குப்பிடிக்கும். விராலும் சில கெளுத்தி வகைகளும் மேலே வந்து காற்றையே சுவாசிக்கக்கூடியவை, ஆகவே அவையும் தப்பும். வளர்க்கத் தடை உள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தி ஏரிக்குள் புகுந்துவிட்டால் மற்ற மீன்களுக்கு நாள் எண்ண வேண்டியதுதான். கட்லா, ரோகு போன்றவை ஓடிவரும் புது வெள்ளத்தில் முட்டையிடுபவை; வரத்துக் கால்வாய் அடைபட்ட ஏரியில் அவை குஞ்சு வாங்கி விட்டால்தான் உண்டு.

மீன்காரர்கள் தவிர, மாடு ஓட்டி வருபவர்கள், கரைச்சரிவில் பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் பறித்து விற்கும் பெண்கள், சில இடங்களில் இன்னும் சலவைத் தொழிலாளர்கள். ஏரி சீரமைப்புத் திட்ட வரைபடங்களில் இவர்களைப் பார்க்க முடியாது. வேலி போட்டு, வாயிலில் காலை 5 மணி முதல் 8 மணி வரை என்று பலகை மாட்டியதும் முதலில் வெளியே நிற்பவர்கள் இவர்கள். கழிவுநீர் கலக்கும் ஏரியோரக் கீரையைச் சாப்பிடலாமா என்றால், தொழிற்பேட்டைக் கழிவு வரும் ஏரியானால் வேண்டாம் என்பேன். ஈயம், குரோமியம் போன்ற உலோகங்களைச் செடி உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கழுவினாலும் போகாது.

பறவைகள் ஆழத்தைச் சொல்லும். முக்குளிப்பானும் நீர்க்காகமும் ஆழத்தில் முங்கி இரை தேடுபவை. கூழைக்கடாவுக்கு மீன் நிறைந்த திறந்த நீர் வேண்டும். உக்கடத்தில் ரயிலும் பஸ்ஸும் ஓடும் சத்தத்துக்கு நடுவே அவை மிதப்பதைப் பார்க்கலாம். நெடுங்கால் உள்ளான், மடையான், சங்குவளை நாரை போன்றவைக்குக் கால் ஊன்றி நிற்கச் சேறும் சில அங்குலத் தண்ணீரும் தேவை. தாழைக்கோழிக்கும் நாமக்கோழிக்கும் கூடு கட்ட நாணலும் கோரையும் வேண்டும். அதாவது கரை ஓரம் ஒழுங்கில்லாமல், சரிந்து, புதர் மண்டி இருந்தால்தான் எல்லாருக்கும் இடம்.

அழகுபடுத்தும் திட்டங்களோடு எனக்குள்ள சண்டை இதுதான். ஏரியைச் சுற்றிலும் கல் பதித்து, சுவர் எழுப்பி, நடுவில் ஒரே ஆழமாகத் தோண்டி, நடைபாதை, படகுத்துறை, ஊர்ப்பெயர் எழுதிய செல்ஃபி பலகை எல்லாம் வைக்கிறார்கள். நடைபாதை வேண்டாம் என்று சொல்லவில்லை. மக்கள் தினமும் வந்து போகும் ஏரியில் ராத்திரி லாரி குப்பை கொட்டுவது குறையும், அது பெரிய லாபம். ஆனால் நான்கு பக்கமும் சுவர் வைத்தால், கரையே இல்லாமல் விட்ட அந்த மேற்குப்பக்கம் இல்லாமல் போகிறது. மழைநீர் பரவி உள்ளே வரும் வழி சில குழாய்களாகச் சுருங்குகிறது. உள்ளானுக்கு நிற்க இடமில்லை. நடைபாதை போட்ட அகலம், ஏரியின் பரப்பிலிருந்து எடுத்த அகலம்தான்.

செலவழிக்கப் பணம் இருந்தால் முதலில் போக வேண்டிய இடம் வரத்து வாய். அங்கே கழிவுநீரை மறித்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்ப வேண்டும், அல்லது நாணலும் கோரையும் வளர்த்த ஆழமற்ற சதுப்பு ஒன்றில் சில நாள் தங்கவைத்து உள்ளே விட வேண்டும். அடுத்து மதகையும் கலங்கலையும் வேலை செய்யும் நிலைக்குக் கொண்டுவந்து, செப்டம்பரிலேயே தண்ணீரை இறக்கி மழைக்கு இடம் பண்ண வேண்டும். தூர் வாருவது மூன்றாவது. நடைமுறையில் வரிசை தலைகீழாக நடக்கிறது, ஏனென்றால் கால்வாய் ஒரு துறை, ஏரி ஒரு துறை, சாக்கடை வேறொரு துறை. பெரிய பாசன ஏரிகள் நீர்வளத் துறையிடம், 100 ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ளவை உள்ளாட்சியிடம் என்பது பழைய பிரிவினை. ஆயக்கட்டே இல்லாத நகர ஏரியில் இந்தக் கணக்கு எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

உங்கள் ஏரியைப் பார்க்கப் போகும்போது

கரையில் நின்று தண்ணீரைப் பார்ப்பதோடு திரும்பிவிடாதீர்கள். மே மாதத்தில் வரத்து வாய்க்குப் போங்கள். மழையே இல்லாத நாளில் அங்கே தண்ணீர் ஓடினால் அது என்ன தண்ணீர் என்று மூக்கே சொல்லிவிடும். கலங்கலைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கீழ்நோக்கி நடந்து பாருங்கள். இரண்டு தெரு தாண்டுவதற்குள் ஏதாவது ஒரு சுவர் வழிமறிக்கும். அடுத்த நவம்பரில் தண்ணீர் எந்த வீட்டுக்குள் போகும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஏரிக்குப் பக்கத்தில் மனை வாங்குபவர்களுக்கு ஒன்று. கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களைப் பார்க்க முடியும். நல்ல மழை பெய்த ஆண்டின் படத்தைத் தேர்ந்தெடுத்து அந்த மனையில் தண்ணீர் நின்றதா என்று பாருங்கள். சர்வே எண் தெரிந்தால் தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில், நிலம் எந்த வகை என்று சொல்லும் அ-பதிவேட்டையும் எடுத்துப் பார்க்கலாம். ஏரி, குளம், வாய்க்கால், நீர்நிலைப் புறம்போக்கு என்ற சொற்களில் எது இருந்தாலும் விலகிவிடுங்கள். நீர்வளத் துறையின் பாசன ஏரிகளில் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. மற்ற நீர்நிலைகளுக்கும் நீதிமன்ற உத்தரவுகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. மின் இணைப்பும் வீட்டு வரி ரசீதும் இருக்கிறது என்று தரகர் காட்டினால், அவை அந்த நிலம் யாருடையது என்பதற்குச் சான்று ஆகா.